சாத்துக்குடி ஏன் கசக்கிறது? பாட்டில் ஏன் வெடிக்கிறது?
வாசகர் கேள்வி – பதில்: கத்திரி வெயில் பழச்சாறு சிறப்புப் பகுதி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் பழச்சாறு பற்றிக் கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் தபால் கூடுவது வழக்கம்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: சாத்துக்குடியை உரித்து மிக்ஸியில் அடிக்கிறேன். அடித்த உடனே குடித்தால் நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கசந்து போகிறது. பழம் சரியில்லையா? (காட்பாடி வாசகி)

பதில்: பழத்தைத் திட்டாதீர்கள். சாத்துக்குடியின் குணமே அதுதான். சுளைக்குள் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. சுளை முழுதாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். சுளை உடைந்து புளிப்புச் சாற்றோடு கலந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். இது நடக்க நேரம் பிடிக்கும் என்பதால்தான் முதல் டம்ளர் இனிக்கிறது, மூன்று மணிக்குக் குடிக்கிற டம்ளர் கசக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் தாமதமாகும், நிற்காது.

இந்தக் கசப்பு விதையிலும், தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சிலும், சுளையைச் சுற்றிய ஏட்டிலும்தான் அதிகம். மிக்ஸி பிளேடு இவை மூன்றையும் சேர்த்து அரைத்துக் கொடுத்துவிடுகிறது. அதனால் இப்படிச் செய்து பாருங்கள். பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கத்தி நுனியால் விதையை நெம்பி எடுங்கள். கையால் திருகும் பிளாஸ்டிக் பிழிவானில் மெதுவாகப் பிழியுங்கள். சொட்டுவது நின்றதும் விட்டுவிடுங்கள். கடைசி ஒரு ஸ்பூன் சாற்றுக்காக அழுத்தித் திருகுவதில்தான் பாதிக் கசப்பு இறங்குகிறது. மிக்ஸிதான் வேண்டும் என்றால் சுளையை ஏடு நீக்கி, விதை எடுத்து, பல்ஸில் இரண்டே தட்டு. உடனே வடிகட்டிவிட வேண்டும்.

ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லிக்கு, நடுத்தரப் பழம் மூன்று வேண்டும். வாங்கும்போது கையில் கனமாகவும் தோல் மெல்லியதாகவும் இருப்பதைப் பொறுக்குங்கள். பெரிதாக, லேசாக, சொரசொரவென்று இருக்கும் பழத்தில் பஞ்சுதான் அதிகம்.

கசப்புக்குச் சர்க்கரை அள்ளிப் போடுவது வீண். ஒரு சிட்டிகை உப்பு அதைவிடக் கைகொடுக்கும். நாக்கில் கசப்பு தெரிவதை உப்பு குறைத்துவிடும். பிள்ளைகளுக்கு, பழத்தை உரித்து விதை நீக்கி வைத்துவிட்டு, அவர்கள் செருப்பைக் கழற்றும்போது பிழியுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு பங்கனப்பள்ளி மரமும் ஒரு பெங்களூராவும் இருக்கின்றன. ஒரே நேரத்தில் பழுத்துவிடுகின்றன. ஆடி, ஆவணி வரை வைத்துக் குடிக்கிற மாதிரி ஜூஸ் போட முடியுமா? போன வருடம் போட்டதில் மூடி தெறித்து பாட்டில் ஒன்று உடைந்தே போனது. (குடியாத்தம் வாசகர்)

பதில்: உங்களிடம் சரியான கூட்டணி இருக்கிறது. பங்கனப்பள்ளியில் இனிப்பும் சதையும் உண்டு, புளிப்பு குறைவு. பெங்களூரா, அதாவது கிளிமூக்கு, தனியாகச் சாப்பிட அவ்வளவு சிறப்பில்லை. ஆனால் சாற்றுக்குப் புளிப்பும் கெட்டித்தன்மையும் தருவது அதுதான். மாம்பழக் கூழ் ஆலைகள் அதைத் தேடித் தேடி வாங்குவதும் அதனால்தான். மூன்று பங்கு பங்கனப்பள்ளிக்கு ஒரு பங்கு பெங்களூரா வையுங்கள்.

முதலில் பறிப்பது. காம்பு ஓர் அங்குலம் இருக்கும்படி பறித்து, பிறகு காம்பை ஒடித்துக் கவிழ்த்து வைத்துப் பால் வடிய விடுங்கள். அந்தப் பால் தோலில் பட்டால் கருகும், சாற்றில் கலந்தால் தொண்டை அரிக்கும். பழுக்க வைக்க வைக்கோல் போதும். நடுவே நன்றாகப் பழுத்த பழம் இரண்டைப் போட்டால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் பழுக்க வைக்கும். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதில் வைத்த பழம் வெளியே மஞ்சளாகவும் கொட்டைப் பக்கம் வெளுப்பாகப் புளித்தும் இருக்கும், சாற்றுக்கும் உதவாது.

இப்போது அளவு. ஒரு கிலோ கூழ் கிடைக்க ஒன்றே முக்கால் கிலோ பழம் ஆகும். அந்த ஒரு கிலோ கூழுக்கு:

சர்க்கரை ஒன்றே கால் கிலோ
தண்ணீர் 800 மில்லி
சிட்ரிக் அமிலம் 30 கிராம்
பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் (சாறு கெடாமல் காக்கும் உப்பு) ஒன்றரை கிராம்

பழத்தைக் கழுவித் துடைத்து, தோல் சீவி, சதையை மட்டும் மிக்ஸியில் அடித்து, நார் போக சல்லடையில் தேயுங்கள். கூழை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் குமிழி வரும்வரை கிளறிக்கொண்டே சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் மாம்பழ மணம் போய் அல்வா வாசனை வந்துவிடும். தனியாகச் சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் அமிலம் மூன்றையும் சூடாக்கி, சர்க்கரை கரைந்ததும் இறக்கித் துணியில் வடிகட்டுங்கள். கம்பிப் பதமெல்லாம் தேவையில்லை. இரண்டும் கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகு கலந்து, மெட்டாபைசல்பைட்டை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். சுமார் இரண்டரை லிட்டர் வரும். பாட்டில் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர்.

உங்கள் பாட்டில் உடைந்த கதைக்கு வருவோம். அது ஈஸ்ட் வேலை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது. போக இடமில்லாத வாயு மூடியைத் தள்ளுகிறது. மூடி விடாவிட்டால் கண்ணாடி உடைகிறது. ஈஸ்ட் நுழைய நான்கு வழிகள்தான். சூடாக்காத கூழ், ஈரம் காயாத பாட்டில், "உடம்புக்கு ஆகாது" என்று பாதியாகக் குறைத்த சர்க்கரை, கொதிக்கும் பாகில் கொட்டிய மெட்டாபைசல்பைட். இந்தக் கடைசித் தவறுதான் நாங்கள் அதிகம் கேள்விப்படுவது. அந்த உப்பு, சாற்றின் புளிப்பில் கந்தக வாயுவாக (கந்தக டை ஆக்சைடு) மாறிச் சாறு முழுக்கப் பரவி நின்று காப்பாற்றுகிறது. சூட்டில் போட்டால் அந்த வாயு முழுவதும் ஆவியோடு போய்விடும். மூக்கில் சுருக்கென்று ஏறுகிறதே, அதுதான் போய்க்கொண்டிருக்கும் உங்கள் காவல்காரன்.

ஒன்றரை கிராம் என்றால் ஸ்பூனால் அளக்காதீர்கள். நகை எடை போடும் மாதிரிச் சின்ன மின் தராசு இப்போது எங்கும் கிடைக்கிறது. உணவுத் தர மெட்டாபைசல்பைட் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்குவாஷில், அதாவது இப்படித் தண்ணீர் கலந்து குடிக்கும் கெட்டிச் சாற்றில், சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 350 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு. எங்கள் அளவு அதற்குக் கீழேதான் நிற்கிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இது வேண்டாம், மூச்சுத் திணறலைக் கிளப்பிவிடும். அவர்களுக்குக் கூழில் கிலோவுக்கு 200 கிராம் சர்க்கரையும் ஓர் எலுமிச்சையும் சேர்த்து, ஐஸ் தட்டில் உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துக்கொள்ளலாம். ஆவணி வரை தாங்கும், மின்சாரம் ஒத்துழைத்தால்.

பாட்டிலைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அதிலேயே கொதிக்க ஆரம்பித்து 20 நிமிடம் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் திடீரென்று போட்டால் விரிசல் விடும். எடுத்துக் கவிழ்த்து முழுக்கக் காய விட வேண்டும். நேரில் பார்த்துக் கற்க விரும்பினால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பழம் பதப்படுத்தும் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள்.

கேள்வி: அன்னாசிப்பழ மில்க் ஷேக் ஒவ்வொரு முறையும் கசந்து திரிகிறது. கடையில் மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது? (ராணிப்பேட்டை வாசகி)

பதில்: வேக வைக்காத பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவது அதன் தொழில். நிறைய அன்னாசி தின்றால் நாக்கு எரிகிறதே, அதற்கும் இதில் பங்கு உண்டு. பாலில் விழுந்ததும் பால் புரதத்தைத் துண்டு துண்டாக்கும். அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. அன்னாசியின் புளிப்பு திரிவதற்கு உதவுகிறது.

சூடு பட்டால் நொதி செத்துவிடும். இரண்டு கப் துண்டுகளோடு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்து, அதன் தண்ணீரிலேயே ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, முழுக்க ஆறியபின் ஃபிரிட்ஜில் குளிர வைத்துப் பாலோடு அடியுங்கள். பாலும் குளிர்ந்திருக்க வேண்டும். கடையில் பெரும்பாலும் டின் அன்னாசியோ பாகில் வெந்ததோ போடுகிறார்கள். ரகசியம் அவ்வளவுதான். பப்பாளிப் பாலுக்கும் இதே கதை. நன்றாகப் பழுத்ததில் நொதி குறைவு என்பதால் அடித்த உடனே குடித்தால் தெரியாது, வைத்தால் கசக்கும். தயிரோடும் பச்சை அன்னாசியை ஊற விடாதீர்கள்.

ஜெலட்டினில் பச்சை அன்னாசி போட்டு உறையவில்லை என்று எழுதியிருந்தவருக்கும் இதுவே பதில். கடல்பாசியில் போடுங்கள், உறையும். அது புரதம் அல்ல.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் எலுமிச்சை ஜூஸ் போட்டால் சப்பென்று இருக்கிறது. சென்னையில் மகள் வீட்டில் அதே அளவில் நன்றாக வருகிறது. (வாலாஜாபேட்டை வாசகி)

பதில்: தண்ணீர்தான் காரணம். பாலாற்றங்கரை ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பு எலுமிச்சையின் புளிப்போடு சேர்ந்து அதைக் கொஞ்சம் செயலிழக்கச் செய்துவிடும். ஒரு பழம் போட்டு முக்கால் பழச் சுவை வந்த மாதிரி ஆகும். தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஒரு ராத்திரி தெளிய விடுங்கள். அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படியும், மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். இதில் கடினம் கொஞ்சம் குறையும், உவர்ப்பு குறையாது. உவர்ப்பு நாக்கில் தெரிகிற தண்ணீர் என்றால் ஜூஸுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் வாங்கிவிடுங்கள். தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட பகுதிகளில் இருப்பவர்கள் கொதிக்க வைத்ததை நம்ப வேண்டாம். கொதிப்பில் கிருமி சாகும், ரசாயனம் போகாது.

தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றிவிட்டு, ஐஸைத் தெருமுனையில் வாங்குகிறவர்கள் உண்டு. மீனுக்கு வைக்கிற கட்டி ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. உண்ணத் தகாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்பது விதி. நீலம் இல்லை என்பதற்காக நல்ல ஐஸ் என்றும் நினைக்காதீர்கள். வீட்டுத் தட்டில் கேன் தண்ணீரை ஊற்றி உறைய வையுங்கள்.

கேள்வி: தர்பூசணி ஜூஸ் மேலே நுரை, கீழே தண்ணீர் என்று பிரிகிறது. (ஆம்பூர் வாசகர்)

பதில்: அதிகம் அடிக்கிறீர்கள். பல்ஸில் நான்கு தட்டு போதும், விதையும் உடையாது. வடிகட்டி, டம்ளருக்கு ஒரு சிட்டிகை உப்பு, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு புதினா இலை. தண்ணீரும் சர்க்கரையும் சேர்க்காதீர்கள். பிரிவது இயல்பு, கலக்கிக் குடியுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தர்பூசணியில் புளிப்பு மிகக் குறைவு, அதனால் மற்றச் சாறுகளைவிட வேகமாகக் கெடும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பிரியாணிக்குப் பிறகு குடிக்க இதைவிட நல்லது வேறில்லை என்பது எங்கள் தனிப்பட்ட கட்சி.

கேள்வி: ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் மலிவாக வருகிறது. விதை எடுக்கப் பொறுமையில்லை. அப்படியே மிக்ஸியில் போட்டு வடிகட்டலாமா? (போளூர் வாசகி)

பதில்: கூடாது. சீத்தா விதையின் பருப்பு விஷத்தன்மை உள்ளது. பேனுக்கு அரைத்துத் தலையில் தேய்த்து, கண்ணில் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. முழு விதையை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே போய்விடும். உடைந்த விதைதான் ஆபத்து. சதையை வழித்து பெரிய ஓட்டை உள்ள சல்லடையில் போட்டு, கால் டம்ளர் குளிர்ந்த பால் விட்டு, மரக் கரண்டியால் தேயுங்கள். விதை மேலே நின்றுவிடும். இந்தக் கூழைச் சூடாக்கவும் கூடாது, கசக்கும். நான்கு பழத்துக்கு முந்நூறு மில்லி பால், சர்க்கரை வேண்டியிருக்காது.

கேள்வி: ஊர்த் திருவிழாவில் நூறு பேருக்கு எலுமிச்சை நன்னாரி சர்பத் கொடுக்கிறோம். அளவு தர முடியுமா? போன முறை கடைசியில் வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைத்தது. (ஆற்காடு வாசகர்)

பதில்: 200 மில்லி டம்ளர் நூறு என்றால் 20 லிட்டர். எலுமிச்சை 3 கிலோ. ஒரு கிலோவுக்கு இருபத்திரண்டு, இருபத்தைந்து பழம் நிற்கும், மூன்று கிலோவுக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் சாறு தேறும். நன்னாரி சர்பத் ஒன்றரை லிட்டர், சர்க்கரை ஒரு கிலோ, உப்பு 20 கிராம், ஐஸ் 4 கிலோ, தண்ணீர் பன்னிரண்டு லிட்டர். சப்ஜா விதை 100 கிராம் போட்டால் அதை அந்தத் தண்ணீரிலேயே இரண்டு லிட்டர் எடுத்து 20 நிமிடம் தனியாக ஊற வையுங்கள். நன்னாரி இல்லாமல் போட்டால் சர்க்கரை 2 கிலோ, தண்ணீர் 13 லிட்டர்.

போன முறை நடந்தது இதுதான்: 20 லிட்டருக்குச் சர்பத் கலக்கிவிட்டு அதன்மேல் ஐஸ் கொட்டியிருப்பீர்கள். ஒரு கிலோ ஐஸ் உருகினால் ஒரு லிட்டர் தண்ணீர். முதல் ஆளுக்குத் தித்திப்பு, கடைசி ஆளுக்குத் தண்ணீர். ஐஸையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துத்தான் மேலே 12 என்று சொல்லியிருக்கிறோம். இன்னும் நல்லது, ஐஸைப் பெரிய கட்டியாகவே போடுவது. நொறுக்கினால் சீக்கிரம் உருகும்.

சர்க்கரையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் பாதி அண்டாவின் அடியிலேயே தங்கும். முதல் நாள் இரவே ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையை விழா அன்று காலையில் பிழியுங்கள். தோலை முறுக்கிப் பிழிந்தால் அதன் எண்ணெய் இறங்கிக் கசக்கும். பிழிந்த மூடியை அழகுக்காக அண்டாவில் மிதக்க விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஈயம் பூசாத பித்தளை, அலுமினிய அண்டா இரண்டும் வேண்டாம். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். எவர்சில்வர் இல்லை என்றால் உணவுத் தர பிளாஸ்டிக் டிரம்.

கேள்வி: நுங்கை மிக்ஸியில் அடித்தால் வழவழவென்று ஆகிறது. (கே.வி.குப்பம் வாசகி)

பதில்: அடிக்காதீர்கள். மேல் தோலைச் சுத்தமாக உரித்து (துவர்ப்பு அதில்தான்), முக்கால் பங்கைக் கத்தியால் பொடியாக நறுக்கி, கால் பங்கை மட்டும் கையால் மசித்துச் சேருங்கள். முற்றிய நுங்கு தொண்டையைக் கடக்காது. விரலால் அழுத்தினால் குழைய வேண்டும்.

கேள்வி: பன்னீர் திராட்சை ஜூஸ் நிறமே இல்லாமல் வெளுத்து வருகிறது, தொண்டையும் பிடிக்கிறது. (அரக்கோணம் வாசகி)

பதில்: நிறம் தோலில் இருக்கிறது, துவர்ப்பு விதையில் இருக்கிறது. மிக்ஸி விதையை உடைத்துவிடுகிறது, ஆனால் தோலிலிருந்து நிறத்தை முழுதாக வாங்க அதற்கு முடியாது; அதற்குச் சூடு வேண்டும். ஒரு கிலோ பழத்தைக் கழுவிக் காம்பு நீக்கி, 200 மில்லி தண்ணீரோடு பாத்திரத்தில் போட்டு மத்தால் நசுக்குங்கள். விரல் வைத்தால் பொறுக்காத சூடு, ஆனால் கொதி வராத நிலையில் பத்து நிமிடம். ஆறியதும் துணியில் தொங்கவிட்டு வடியுங்கள். பிழியாமல் வடித்தால் தெளிவாக வரும். பாட்டிலில் சேமிப்பதாக இருந்தால் மாம்பழத்துக்குச் சொன்ன மெட்டாபைசல்பைட்டை இதில் போடாதீர்கள், சிவப்பை வெளுக்கும், நாவலுக்கும் அப்படியே. கிலோவுக்கு 0.7 கிராமுக்கு மிகாமல் சோடியம் பென்சோயேட் போடுங்கள்.

கேள்வி: வேலூரில் மருத்துவமனையில் இருக்கும் மாமாவுக்குத் தினமும் ஜூஸ் கொண்டு போகிறோம். சர்க்கரை நோயும் உண்டு. என்ன ஜூஸ் நல்லது? (திருப்பத்தூர் வாசகர்)

பதில்: வார்டில் கேட்காமல் எதுவும் வேண்டாம். ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றில் மூன்று பழத்தின் சர்க்கரை நார் இல்லாமல் இறங்குகிறது. சர்க்கரை போடவில்லை என்பது சமாதானம் ஆகாது. சிறுநீரகக் கோளாறும் இருந்தால் இளநீர், சாத்துக்குடி, மாம்பழம் இவற்றில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். அங்கே இருக்கும் உணவியல் நிபுணரிடம் பழத்தின் பெயரையும் அளவையும் சொல்லிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால், திருப்பத்தூரிலிருந்து பிழிந்து எடுத்துப் போகாதீர்கள். பஸ்ஸில் போய்ச் சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேதாஜி மார்க்கெட்டில் பழமாக வாங்கிப் போய், அங்கே கழுவி, அவர் எதிரிலேயே பிழியுங்கள்.